கைவிட்ட நாட்டிடமும் கணக்குக் கேட்க வேண்டும்

ஒரு நாட்டின் சார்பில் சர்வதேசப் போட்டிகளில் ஓடிய வீரர், பின்னர் வேறொரு நாட்டின் குடியுரிமையைப் பெற்று அந்நாட்டின் சீருடையில் களமிறங்குவதைத் தடகள நிர்வாகத்தில் பிரதிநிதித்துவ மாற்றம் என்று குறிப்பிடுகின்றனர். 2017 பிப்ரவரியில் இத்தகைய மாற்றங்கள் அனைத்தையும் நிறுத்திவைத்த சர்வதேசத் தடகளச் சம்மேளனம், 2018 ஜூலையில் கடுமையான நிபந்தனைகளுடன் அவற்றை மீண்டும் அனுமதித்தது. விண்ணப்பங்களை ஆராயத் தனிக் குழு அமைக்கப்பட்டது. குறைந்தது மூன்றாண்டுக் காத்திருப்பு கட்டாயமாயிற்று. இருபது வயது நிறையாதவர்கள் மாற முடியாது என்றும், அழைக்கும் நாடு பெயரளவில் அல்லாமல் முழு உரிமைகளுடன் குடியுரிமை தர வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. இவை தேவையான விதிகள்தாம். ஆனால் இவற்றின் பார்வை, வெளியேறும் வீரர் மீதும் அவரை ஏற்கும் நாட்டின் மீதும் மட்டுமே விழுகிறது. அவரைப் பறிகொடுத்த நாடு அவரை எப்படி நடத்தியது என்ற கேள்விக்கு உரிய இடம் தரப்படவில்லை. அந்த இடத்தைத் தர வேண்டிய காலம் எப்போதோ வந்துவிட்டது.

இதற்கு பிரான்சிஸ் ஒபிக்வெலுவின் ஓட்ட வாழ்க்கையை விடத் தெளிவான சான்று தேவையில்லை. நைஜீரியாவின் ஒனிட்ஷா நகரில் 1978-இல் பிறந்த அவர், 1994-இல் லிஸ்பனில் நடந்த உலக இளையோர் தடகளப் போட்டிக்கு வந்து, போட்டி முடிந்த பின் போர்த்துகலிலேயே தங்கிவிட்டார். அப்போது அவருக்குப் பதினாறு வயதுகூட நிறையவில்லை. மொழி தெரியாத நாட்டில், நாட்டின் தென்கோடியான அல்கார்வே பகுதியில், கட்டுமானத் தளங்களில் கூலி வேலை செய்து பிழைத்தார். அந்த நிலையிலும் அவர் அணிந்தது நைஜீரியாவின் சீருடையைத்தான் என்பதை அவரைக் குறைகூறுவோர் பலரும் கவனிப்பதில்லை. 1996-இல் சிட்னியில் நடந்த உலக இளையோர் போட்டியில் 100 மீட்டர், 200 மீட்டர் ஆகிய இரண்டிலும் தங்கம் வென்றதும், 1997 உலகப் போட்டியின் தொடர் ஓட்டத்தில் வெள்ளி வென்ற அணியில் இடம்பெற்றதும், 1999-இல் செவில் நகரில் 200 மீட்டரில் வெண்கலம் வென்றதும் நைஜீரியாவுக்காகத்தான். செவிலின் அரையிறுதியில் அவர் ஓடிய 19.84 வினாடி, நைஜீரியாவின் தேசிய சாதனையாக இருபதாண்டுகளுக்கும் மேல் எவராலும் முறியடிக்கப்படாமல் நின்றது.

பிளவு 2000 சிட்னி ஒலிம்பிக்கை ஒட்டி வந்தது. காயமுற்ற தம்மைத் தம் நாட்டுத் தடகள நிர்வாகிகள் கவனிக்கவில்லை என்றும், முழங்கால் அறுவை சிகிச்சைக்கு கனடா சென்றபோது செலவைத் தாமே ஏற்க நேர்ந்தது என்றும் அவர் வெளிப்படையாகக் கூறினார். குறுவிரைவு ஓட்டக்காரருக்கு முழங்கால் என்பது உடலின் ஓர் உறுப்பு மட்டுமன்று. அதுவே அவருடைய தொழில், வருமானம், எதிர்காலம். 2001 அக்டோபரில் அவர் போர்த்துகல் குடியுரிமை பெற்றபோது, அந்நாட்டில் அவர் வாழத் தொடங்கி ஏழாண்டுகள் கடந்திருந்தன. பணப்பெட்டியைக் காட்டி யாரும் அவரை அழைத்துச் செல்லவில்லை. வியர்வை சிந்தி வாழ்ந்த மண்ணையே அவர் தம் நாடாக ஏற்றுக்கொண்டார்.

போர்த்துகலின் தடகளப் பெருமை அதுவரை நெடுந்தொலைவு ஓட்டங்களில் இருந்தது. 1984-இல் கார்லோஸ் லோபஸும் 1988-இல் ரோசா மோட்டாவும் மராத்தானில் வென்ற ஒலிம்பிக் தங்கங்கள் அம்மரபின் உச்சங்கள். குறுவிரைவு ஓட்டத்தில் அந்நாட்டுக்கு ஒலிம்பிக் பதக்கமே இருந்ததில்லை. 2004 ஆகஸ்ட் 22 இரவு, ஏதென்ஸில் நடந்த 100 மீட்டர் இறுதி ஓட்டம் அதை மாற்றியது. 1.95 மீட்டர் உயரமுள்ள ஒபிக்வெலுவின் நீண்ட உடல் ஸ்டார்ட்டிங் பிளாக்கிலிருந்து நிமிர்ந்து வேகம் பிடிக்க எப்போதும் சற்று நேரம் பிடிக்கும்; ஓட்டத்தின் பின்பாதியில்தான் அவருடைய நீண்ட எட்டுகள் முன்னே சென்றவர்களை ஒவ்வொருவராக எட்டிப் பிடிக்கும். அன்றும் அப்படியே நிகழ்ந்தது. அமெரிக்காவின் ஜஸ்டின் கேட்லின் 9.85 வினாடியிலும், ஒபிக்வெலு 9.86 வினாடியிலும், மாரிஸ் கிரீன் 9.87 வினாடியிலும் கோட்டைக் கடந்தனர். அந்த வேகத்தில் ஒரு வினாடியின் நூற்றில் ஒரு பங்கு என்பது ஏறத்தாழ அரைச் சாண் தூரம். அந்த நேரம் ஐரோப்பியச் சாதனையாகவும் பதிவாகி, 2021-இல் டோக்கியோவில் இத்தாலியின் மார்செல் ஜேக்கப்ஸ் முந்தும் வரை பதினேழு ஆண்டுகள் முறியடிக்கப்படாமல் இருந்தது. 2006-இல் கோதன்பர்க்கில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் 100 மீட்டர், 200 மீட்டர் இரண்டிலும் அவர் தங்கம் வென்றார். 2008 பெய்ஜிங்கில் இறுதிச் சுற்றுக்குத் தகுதி பெறாதபோது, தம்மைத் தாங்கிய போர்த்துகல் மக்களிடம் அவர் மன்னிப்புக் கேட்டார். 2011-இல் முப்பத்திரண்டு வயதில் மீண்டும் வந்து, உள்ளரங்க ஐரோப்பியப் போட்டியில் 60 மீட்டர் தங்கத்தை அந்நாட்டுக்கே வென்று தந்தார். வாடகைக்கு ஓடுபவரின் நடத்தை இதுவன்று.

இன்றைய விதியை அன்றைக்குப் பொருத்திப் பார்த்தால் அதன் குறை புலப்படும். குடியுரிமை கிடைத்த 2001 அக்டோபரிலிருந்து மூன்றாண்டுகளை எண்ணினால் 2004 அக்டோபர் வருகிறது. ஏதென்ஸ் இறுதி ஓட்டமோ அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே முடிந்துவிட்டது. குழு சிறப்பு விலக்கு அளித்திருந்தாலன்றி, ஏழாண்டுகள் அந்நாட்டில் வாழ்ந்த ஒருவர் தம் உடல்திறனின் உச்சத்தில் பார்வையாளராக அமர்ந்திருப்பார். குறுவிரைவு ஓட்டக்காரரின் சிறந்த காலம் பெரும்பாலும் ஏழெட்டு ஆண்டுகளே. அதில் மூன்றைப் பறிப்பது காத்திருப்பு அன்று, தண்டனை.

எதிர்த்தரப்பின் கவலையைப் புறக்கணிக்க முடியாது. எண்ணெய் வளமுள்ள சில நாடுகள் ஆப்பிரிக்க வீரர்களை இளம்வயதிலேயே தம் அணிக்குள் கொண்டுவருவதை ஆசிய ரசிகர்கள் நேரில் கண்டிருக்கின்றனர். 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் டுட்டி சந்த் 100 மீட்டரிலும் 200 மீட்டரிலும், ஹிமா தாஸ் 400 மீட்டரிலும் வெள்ளியோடு நின்றபோது, மூன்றிலும் தங்கம் வென்றவர்கள் நைஜீரியாவில் பிறந்து பஹ்ரைனுக்காக ஓடிய வீராங்கனைகள். ஊரின் மண் தடத்தில் பயிற்சி பெற்று மேலே வரும் வீரர்களுக்கு இது வலிக்கும் என்பது உண்மை. பதின்பருவத்தினரை விலைபேசும் வழக்கத்தை 2018 விதிகள் தடுக்குமானால், அதன் பொருட்டே அவற்றை வரவேற்கலாம்.

ஆனால் வாங்குவோர் இருப்பதற்கு, வீட்டில் பசித்திருப்போர் இருப்பதும் ஒரு காரணம். நைஜீரியாவின் ஃபேவர் ஒஃபிலி 2022-இல் 200 மீட்டரை 21.96 வினாடியில் ஓடி, 22 வினாடிக்குள் அத்தூரத்தைக் கடந்த முதல் நைஜீரியப் பெண்ணானார். அதற்கு முந்தைய ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில், போட்டிக் காலத்துக்கு வெளியே முன்னறிவிப்பின்றி எடுக்க வேண்டிய ஊக்கமருந்துப் பரிசோதனைகள் போதிய எண்ணிக்கையில் நடத்தப்படவில்லை என்பதால் பத்து நைஜீரிய வீரர்கள் தகுதியிழந்தனர். அவர்களில் ஒஃபிலியும் ஒருவர். 2024 பாரிஸில் 100 மீட்டருக்குத் தகுதி பெற்றிருந்தும், அப்பிரிவில் அவருடைய பெயர் பதிவு செய்யப்படாததால் ஓட முடியவில்லை. இரு ஒலிம்பிக்குகள், இரண்டிலும் தம் தவறு ஏதுமின்றி இழந்த வாய்ப்புகள். 2025-இல் அவர் துருக்கிக்கு மாற விண்ணப்பித்தபோது, பேசப்பட்டது பெரும்பாலும் துருக்கி தரும் பணத்தைப் பற்றியே. பணம் அவரை ஈர்த்திருக்கலாம். ஆனால் அவரை வாசல்வரை தள்ளிக்கொண்டு வந்தது எது என்பதையும் விசாரிப்பதே நியாயம்.

அப்படி விசாரிக்க முடியாது என்பதும் இல்லை. டோக்கியோவில் தம் ஒப்புதலின்றித் தொடர் ஓட்டத்தில் பெயர் சேர்க்கப்பட்டதை எதிர்த்துப் பேசியதற்காக விமான நிலையத்துக்கு அழைத்துச் செல்லப்பட்ட பெலாரஸ் ஓட்டக்காரர் கிறிஸ்டினா சிமானோவ்ஸ்கயா, ஜப்பானியக் காவல்துறையின் பாதுகாப்பை நாடி, பின்னர் போலந்தில் அடைக்கலம் பெற்றார். உலகத் தடகள அமைப்பு என்று பெயர் மாறிய அச்சம்மேளனத்தின் குழு அவருக்கு மூன்றாண்டுக் காத்திருப்பைக் குறைத்து, 2023 ஆகஸ்டில் போலந்துக்காக ஓட அனுமதித்தது. சொந்த நாட்டு நிர்வாகத்தின் நடத்தையைக் கணக்கில் கொள்ளும் அதிகாரம் குழுவுக்கு உண்டு என்பதற்கு இம்முடிவே முன்னுதாரணம்.

அந்த விலக்கை அரிதான கருணையாக வைத்திராமல் எழுதப்பட்ட விதியாக ஆக்க வேண்டும். மாற்றம் கோரும் ஒவ்வொரு விண்ணப்பத்திலும், காயத்துக்குச் சிகிச்சை அளிக்கப்பட்டதா, தகுதி பெற்ற பிரிவுகளில் பெயர் உரிய காலத்தில் பதிவு செய்யப்பட்டதா, பரிசோதனைகள் முறையாக நடத்தப்பட்டனவா, பரிசுத்தொகையும் பயிற்சி உதவியும் கையில் சேர்ந்தனவா என்பவற்றுக்கு முந்தைய நாட்டின் சம்மேளனம் ஆவணங்களோடு பதில் அளிக்க வேண்டும். புறக்கணிப்பு நிரூபணமானால் காத்திருப்புக் காலம் நீங்க வேண்டும். முழங்கால் சிகிச்சைக்கு யார் பணம் கட்டினார்கள் என்று 2001-இல் எவரேனும் அதிகாரபூர்வமாகக் கேட்டிருந்தால், அதற்குரிய ரசீது கனடாவின் மருத்துவமனை ஒன்றில், ஒபிக்வெலுவின் பெயரிலேயே கிடைத்திருக்கும்.