அந்த எண் யாரை எழுப்பும்?

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு நள்ளிரவு. அப்பாவுக்குக் குடலில் ஓட்டை விழுந்து அவசர ஆபரேஷன். கையில் ஒரு படிவத்தைத் திணித்தார்கள். தலைப்பில் 'ஹை ரிஸ்க் கன்சென்ட்'. "எவ்வளவு ரிஸ்க் டாக்டர்?" என்று கேட்டேன். "அதெல்லாம் யாராலயும் சொல்ல முடியாது தம்பி. சைன் பண்ணுங்க." பண்ணினேன். அப்பா பிழைத்துவிட்டார். ஆனாலும் அந்தப் பதில் இன்றுவரை உறுத்துகிறது. ஏனென்றால், சொல்ல முடியும்.

1991லேயே கோப்லேண்ட் குழுவினர் பிரிட்டனில் 'பாஸம்' என்ற மதிப்பெண் முறையை வெளியிட்டுவிட்டார்கள். வயது, நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், யூரியா, சோடியம் என்று உடல்நிலை பற்றி 12 காரணிகள். ரத்த இழப்பு, வயிற்றுக்குள் கசிவு, புற்றுநோய், அவசரம் என்று ஆபரேஷன் பற்றி 6. சமன்பாட்டில் போட்டால் இறப்புக்கான வாய்ப்பு சதவீதமாக வரும்.

குறை இல்லாமல் இல்லை. பதினெட்டிலும் ஆகக் குறைந்த மதிப்பெண் எடுத்தவருக்குக்கூட அந்தச் சமன்பாடு 1.08 சதவீதம் என்றது. 1998இல் போர்ட்ஸ்மத் குழு அதைத் திருத்தி 'பி-பாஸம்' கொண்டுவந்த பிறகு அது 0.2 அளவுக்கு இறங்கியது. ரத்த இழப்பை முன்கூட்டியே ஊகித்துத்தான் போட வேண்டும் என்ற சிக்கலும் உண்டு; ஆபரேஷன் முடிந்தபின் தணிக்கை செய்வதற்காகப் பிறந்த கருவி அது.

"சதவீதம் கூட்டத்துக்குத்தான், தனி ஆளுக்குப் பொருந்தாது" என்பார்கள். சரிதான். 10 சதவீதம் என்றால், இதே நிலையில் இருக்கும் நூறு பேரில் பத்துப் பேர். என் அப்பா அந்தப் பத்தில் ஒருவரா என்று எந்தச் சமன்பாடும் சொல்லாது. ஆனால் ஜோசியம் பார்க்கவா அந்த எண்?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2013 கடைசியில் அவசர வயிற்று ஆபரேஷன்களுக்கான தேசியத் தணிக்கை தொடங்கியது. அங்கே கணிக்கப்பட்ட ஆபத்து 5 சதவீதத்தைத் தொட்டால், அனுபவம் முதிர்ந்த சர்ஜனும் மயக்க மருத்துவரும் தியேட்டரில் நேரில் நிற்க வேண்டும்; பிறகு நோயாளிக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவில் இடம் வேண்டும். முதல் அறிக்கையில், ஆபரேஷனுக்கு முன் ஆபத்தை எழுதிவைத்தது பாதிக்குச் சற்று மேற்பட்டவர்களுக்குத்தான். சில ஆண்டுகளில் அந்த வழக்கம் பரவியது. 12 சதவீதத்தை ஒட்டியிருந்த 30 நாள் இறப்பு 10க்குக் கீழே வந்தது. எண் மட்டும் அதைச் சாதிக்கவில்லை. எண்ணைப் பார்த்து எழுந்து வந்தவர்களுக்கும் அதில் பங்குண்டு.

"நம்மகிட்ட அவ்வளவு ஐசியூ படுக்கை ஏது?" என்ற கேள்வி வரும். இருப்பது ஒரே படுக்கை என்றால்தான் அது யாருக்கு என்று தீர்மானிக்க எண் இன்னும் அவசியம்.

நான் சாஃப்ட்வேர்காரன். ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் படுத்தால் அலர்ட் அடிக்கும். ஒருவர் எழுந்து லேப்டாப்பைத் திறந்தே ஆக வேண்டும். யாரையும் எழுப்பாத அலர்ட்டுக்கு எங்கள் தொழிலில் மரியாதை கிடையாது, அது வெறும் சத்தம். ஒரு ஷாப்பிங் ஆப்புக்குச் செய்யும் இந்த ஏற்பாட்டை ஒரு குடலுக்குச் செய்யக் கூடாதா?

அன்றிரவு 'ஹை ரிஸ்க்' என்ற சொல் தேடி வந்தது என்னை மட்டும்தான். நான் ஏற்கனவே விழித்துத்தான் இருந்தேன். எழுப்ப வேண்டியவர் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார்.