ஆடிக்காத்துக்கு அசையாத மாடிப் பந்தல்: நாலு பெயின்ட் வாளி, எட்டு மூங்கில் போதும்!

கம்பத்திலிருந்து கூடலூர் போகும் பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தால் பார்க்க வேண்டியது மலையை மட்டுமல்ல. சாலையின் இரண்டு பக்கமும் கல்தூண், கம்பி, அதன் மேல் பச்சைக் கூரை. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ஆனைமலையன்பட்டி என எந்தப் பக்கம் திரும்பினாலும் திராட்சைப் பந்தல்தான். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

அதே ஊர்களின் வீட்டு மாடிகளை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். வெறும் சிமென்ட் தளம், ஒரு தண்ணீர் டேங்க், துணி காயும் கொடி. சில மாடிகளில் கிழிந்துபோன பச்சை நிழல்வலை படபடவென்று அடித்துக்கொண்டிருக்கும். சித்திரை வந்தால் மேல்மாடி ரூமில் படுக்க முடியாது. உடனே தகர ஷீட் போடுபவரின் நம்பரைத் தேடுவோம். பல ஆயிரம் ரூபாய் செலவு. வாடகை வீடு என்றால் அந்தப் பேச்சையே எடுக்க முடியாது.

இத்தனை பந்தல் இருக்கும் ஊரில், மாடிக்கு மட்டும் ஏன் பந்தல் ஏறவில்லை? போட்டுப் பார்த்தவர்களைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: ‘‘ஆடிக்காத்துல சாஞ்சுருச்சு.’’

காற்று இங்கே லேசுப்பட்டதல்ல. தென்மேற்குப் பருவக்காற்று கம்பம் கணவாய் வழியே புகுந்து பள்ளத்தாக்கு முழுக்க வீசுகிறது. தேனி, ஆண்டிபட்டி பக்கம் காற்றாலைகள் நிற்பதே அதை நம்பித்தான். ஜூனில் தொடங்கி செப்டம்பர் வரை இதன் ஆட்டம். ஆக, இங்கே மாடிப் பந்தல் போடுகிறவர் முதலில் யோசிக்க வேண்டியது வெயிலை அல்ல, காற்றை.

தோட்டத்துப் பந்தல் விழாமல் நிற்பது எப்படி?

அடுத்த முறை திராட்சைத் தோட்டம் பக்கம் போனால் ஓரத்துத் தூண்களைக் கவனியுங்கள். நடுவில் இருப்பவை நேராக நிற்கும். ஓரத்தில் இருப்பவை வெளிப்பக்கமாகச் சாய்ந்திருக்கும். அவற்றின் தலையிலிருந்து ஒரு இழுகம்பி இறங்கி, மண்ணுக்குள் புதைத்த கல்லில் முடியும். மேலே கம்பிகளை முறுக்கி இழுக்கும்போது, தூண்கள் எல்லாம் உள்பக்கம் சாயப் பார்க்கும். அதை வெளியிலிருந்து இழுத்துப் பிடிப்பது அந்தப் புதைகல்தான். பந்தலின் உயிர் அந்தக் கல்லில் இருக்கிறது.

மாடியில் கல்லைப் புதைக்க மண் ஏது? நாலு குச்சியை நட்டு, தோட்டத்தில் பார்த்த மாதிரியே கம்பியை முறுக்கினால், குச்சிகள் நாலும் நடுவை நோக்கி வளையும். ஆடியில் ஒரு வீச்சு வந்தால் மொத்தமும் சரியும். தப்பு கம்பியில் இல்லை, கொடியிலும் இல்லை. இழுப்பைத் தாங்க வெளியே ஒன்றும் இல்லாததுதான் காரணம்.

மாடியில் செய்ய வேண்டியது, அந்த இழுப்பைச் சட்டத்துக்குள்ளேயே அடக்குவது. மேலே நாலு பக்கமும் மூங்கிலால் ஒரு சதுரம் கட்டிவிட்டால், கம்பி எவ்வளவு இழுத்தாலும் அந்த மூங்கில் எதிர்த்து முட்டுக் கொடுக்கும். கால்கள் உள்ளே வராது.

எட்டடிக்கு எட்டடி

முதல் பந்தலைப் பெரிதாகப் போட வேண்டாம். எட்டடிக்கு எட்டடி போதும். ஒரு கட்டில், இரண்டு சேர் போடலாம். கீழே இருக்கும் ரூமின் கூரையில் பாதியாவது நிழலில் இருக்கும். கம்பம் பக்கம் மாலை வெயில் மேற்கு மலைக்குப் பின்னால் சீக்கிரமே ஒளிந்துகொள்ளும். மாடியைச் சுடுவது உச்சி வெயில்தான். அதனால் பந்தலை எந்த ரூமில் தூங்குகிறீர்களோ அதற்கு நேர் மேலே வையுங்கள்.

காலியான 20 லிட்டர் பெயின்ட் வாளி நாலு. பெயின்டரிடம் கேட்டால் சும்மாவே கிடைக்கும்; பழைய சாமான் கடையிலும் இருக்கும். ஒவ்வொரு வாளியின் அடியிலும் நடுவில் ஒரு ஓட்டை போடுங்கள். அதன் மேல் ஒன்றேகால் அடி நீள பிவிசி பைப் துண்டை நிறுத்தி வையுங்கள். மூங்கில் உள்ளே இறங்கும் அளவு பைப் வேண்டும், கடைக்குப் போகும்போது மூங்கிலின் சுற்றளவை நூலால் அளந்துகொண்டு போங்கள். பைப்பின் வாயைக் கேரிபேக்கால் கட்டிவிட்டு, சுற்றிலும் கான்கிரீட் நிரப்புங்கள். ஒரு பங்கு சிமென்ட், இரண்டு பங்கு எம்-சாண்ட், நாலு பங்கு முக்கால் இன்ச் ஜல்லி. நாலு வாளிக்கும் சேர்த்து அரை மூட்டை சிமென்ட் பிடிக்கும். பக்கத்தில் எங்காவது வீட்டு வேலை நடந்தால் மிச்ச மணலும் ஜல்லியும் கேட்டுப் பார்க்கலாம், ஊரில் இதற்கெல்லாம் யாரும் இல்லை என்று சொல்வதில்லை. ஒரு வாரம் தினமும் தண்ணீர் ஊற்றி ஈரமாக வைத்திருங்கள்.

மூங்கிலை நேரடியாகக் கான்கிரீட்டில் நட்டால் என்ன? கான்கிரீட்டும் மரமும் சேரும் இடத்தில் தண்ணீர் தங்கி, அந்த இடம்தான் முதலில் மக்கும். பைப் வைத்தால் மூங்கில் மக்கினாலும் அதை மட்டும் உருவிவிட்டு வேறொன்று இறக்கலாம். அடியில் ஓட்டை இருப்பதால் மழைத்தண்ணீரும் இறங்கிவிடும். வாடகை வீட்டுக்காரர்களுக்கு இன்னொரு வசதி: சுவரில் ஒரு ஆணிகூட அடிக்க வேண்டியதில்லை. வீடு மாறும்போது எல்லாவற்றையும் கழற்றி ஆட்டோவில் ஏற்றலாம். ஆனால், ஒரு வாளி ஏறக்குறைய 50 கிலோ இருக்கும். மாடியிலேயே கான்கிரீட் போட்டுவிடுங்கள், கீழே போட்டுவிட்டு ஏற்றுவதற்கு ஆள் தேடாதீர்கள்.

எட்டடி மூங்கில் கால்களுக்கு நாலு, மேல்சட்டத்துக்கு நாலு. மூலைக்கு மூலை, காலையும் சட்டத்தையும் சாய்வாக இணைக்க மூன்றடித் துண்டுகள், மூலைக்கு இரண்டாக எட்டு. பலரும் விட்டுவிடுவது இந்தத் துண்டுகளைத்தான். இவை இல்லாத சதுரம் காற்றில் கட்டில் கால் ஆடுவதுபோல ஆடும். கட்டுக்கம்பியால் இறுக்கி, மேலே பழைய சைக்கிள் ட்யூபைச் சுற்றிக் கட்டினால் வழுக்காது.

பிறகுதான் கம்பி. 14 கேஜ் ஜிஐ கம்பி, ஓரடி இடைவெளியில் குறுக்கே ஏழு, நெடுக்கே ஏழு. மொத்தம் 112 அடி. கடையில் கிலோ கணக்கில்தான் தருவார்கள். முடிச்சுக்கும் சேர்த்து ஒன்றரை கிலோ வாங்கினால் தாராளம். நைலான் கயிறு மலிவாகத் தெரியும், ஆனால் வெயிலில் இற்றுப்போய்க் காய் தொங்கும் நேரத்தில் அறும். தென்னங்கயிறு ஒரு பருவத்துக்குத் தாங்கும்.

பந்தலின் இரண்டு பக்கம் கைப்பிடிச் சுவரை ஒட்டி இருக்கட்டும். ஒன்று மட்டும் செய்யவே செய்யாதீர்கள்: இதன் மேல் தார்ப்பாயோ ஷீட்டோ போடக் கூடாது. இலைக்கு இடையில் காற்று புகுந்து போகும். தார்ப்பாய்க்கு அடியில் புகும் காற்று பந்தலையே தூக்கும்.

மாடி தாங்குமா?

எல்லோருக்கும் வரும் பயம், வர வேண்டிய பயமும்கூட. ஆட்கள் ஏறி நடக்கும் கான்கிரீட் மாடியை ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ கூடுதல் பாரம் தாங்கும் கணக்கில் வடிவமைப்பது வழக்கம். சதுர அடிக்கு 14 கிலோ. வாளிகளையும் பைகளையும் நடுத்தளத்தில் குவிக்காமல், கீழே சுவரோ பீமோ இருக்கும் இடத்துக்கு மேலே வையுங்கள். போடியிலும் பெரியகுளத்திலும் இன்னும் கட்டை பாவிய பழைய மச்சு வீடுகள் இருக்கின்றன. அவற்றின் மேலும், ஏற்கெனவே நீர் கசியும் தளத்தின் மேலும் இந்த வேலை வேண்டாம். அந்த வீட்டுக்காரர்கள் முற்றத்திலோ கொல்லையிலோ போடலாம். மண் இருக்கும் இடத்தில் புதைகல் வைத்த தோட்டத்துப் பந்தலே போதும்.

பைக்கு முழுக்கச் செம்மண் போடுவதும் இதனால்தான் ஆகாது. 15 அங்குலப் பையில் செம்மண் நிரப்பித் தண்ணீர் ஊற்றினால் 70 கிலோவைத் தொடும். தென்னை நார்க்கழிவு, மக்கிய உரம், செம்மண் மூன்றும் சம பங்கு என்றால் எடை வெகுவாகக் குறையும். தென்னந்தோப்புகள் நிறைந்த பள்ளத்தாக்கில் நார்க்கழிவுக்குப் பஞ்சம் இல்லை. இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்து, உப்பை எடுத்துவிட்டுக் கலக்குங்கள். பையைச் செங்கல் மேல் தூக்கி வைத்தால் தளத்தில் ஈரம் தேங்காது.

இதை அரசாங்கமும் சொல்லிக்கொடுத்திருக்கிறது. 2013-14-ல் சென்னைக்கும் கோவைக்கும் ‘நீங்களே செய்து பாருங்கள்’ என்ற பெயரிலேயே மாடித்தோட்டத் தளை வந்தது. 2021-22-ல் மானியம் போக 225 ரூபாய்க்குக் கொடுத்த தளையில் ஆறு பை, ஆறு நார்க்கழிவுக் கட்டி, ஆறு விதைப் பாக்கெட், உயிர் உரங்கள், வேப்பெண்ணெய், ஒரு கையேடு இருந்தன. கிராமங்களுக்கு 12 வகை விதைகள் 15 ரூபாய். விலையும் இருப்பும் ஆண்டுக்கு ஆண்டு மாறும், உங்கள் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தளையில் பை இருந்தது, விதை இருந்தது. கொடி ஏற வேண்டிய பந்தலை மட்டும் நாம்தான் கட்ட வேண்டும்.

எப்போது விதைப்பது?

ஆடிப்பட்டம் விதைக்கும் காலம். அதே ஆடிதான் பந்தலைச் சாய்க்கும் காலமும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வழி தெரியும். வெறும் கம்பியைக் காற்று ஒன்றும் செய்யாது. அது பிடித்து ஆட்டுவது இலையைத்தான். ஆடிப் பதினெட்டை ஒட்டி விதைத்தால், கன்று முதலில் கைப்பிடிச் சுவரின் மறைவிலேயே வளரும். கம்பியைத் தொட ஐந்தாறு வாரம் ஆகும். பந்தல் முழுக்க இலை விரியும்போது புரட்டாசி வந்திருக்கும், காற்றும் தணிந்திருக்கும். சித்திரையிலேயே அவசரப்பட்டு ஏற்றிய கொடிதான் ஆனி, ஆடியில் மாட்டிக்கொள்கிறது.

இந்தப் பந்தலுக்கு நீளப் புடலை வேண்டாம், தலையில் இடிக்கும். ஓரடி நீளத்துக்குக் காய்க்கும் ‘கோ 2’ புடலை கச்சிதம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த ‘பிகேஎம் 1’ பீர்க்கும் நல்ல தேர்வு. பந்தல் அவரை மட்டும் பொறுமையைச் சோதிக்கும். ஆடியில் விதைத்தாலும் மார்கழி, தை குளிரில்தான் அள்ளிக் கொடுக்கும். கோவைக்காய்க்கு விதைச் செலவே இல்லை, பக்கத்து வீட்டுக் கொடியில் ஒரு துண்டு வெட்டி நட்டால் வருடக்கணக்கில் இருக்கும். கோடை நிழலுக்கு இதுதான் சரி. ஆனால் வருடம் முழுக்க இலை இருப்பதால் ஆனி பிறக்கும் முன் பாதிக்கு மேல் வெட்டிவிடுங்கள்.

‘திராட்சையே போடலாமே?’ என்று கேட்பீர்கள். ஆசைக்கு ஒரு கொடி வைக்கலாம். நிழலுக்கு நம்ப முடியாது, கவாத்து செய்ததும் பந்தல் மொட்டையாகிவிடும்.

பூ பூத்தும் பிஞ்சு நிற்கவில்லையா? புடலையும் பீர்க்கும் சாயங்காலம்தான் மலரும். விளக்கு வைக்கும் நேரத்தில் ஆண் பூ ஒன்றைப் பறித்து, பிஞ்சோடு இருக்கும் பெண் பூவின் நடுவில் லேசாகத் தொட்டு எடுங்கள். வீட்டுக் குட்டீஸ் சந்தோஷமாகச் செய்வார்கள். அசுவினி வந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல்.

கொல்லை இருப்பவர்கள் ஒரு செடிமுருங்கையும் வைக்கலாம். 1989-ல் பெரியகுளத்தில் வெளியிட்ட ‘பிகேஎம் 1’ விதைத்த ஆறு மாதத்தில் காய் தரும். முருங்கைக்கும் காற்றுக்கும் ஆகாது, மளுக்கென்று ஒடியும். செடி 75 சென்டிமீட்டர் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் உயரமாக ஓடாமல் பக்கக்கிளை விட்டு அடங்கி நிற்கும்.

புயலோ, பலத்த காற்றோ என்று எச்சரிக்கை வந்தால், காய் இருக்கிறதே என்று பார்க்க வேண்டாம். அரிவாளை எடுத்துக் கொடியை அடியோடு அறுத்து, பந்தலைக் காலி செய்யுங்கள். மாடியிலிருந்து ஒரு மூங்கில் தெருவில் விழுந்தால், அங்கே நடந்துபோகிறவர் யாரென்று நமக்குத் தெரியாது.

அப்படி எதுவும் வராமல் பருவம் முடிந்தால், கடைசியாக ஒரு வேலை. ‘கோ 2’, ‘பிகேஎம் 1’ எல்லாம் ரகங்கள்தான், வீரிய ஒட்டு அல்ல. கொடியின் நடுவில் இருக்கும் நல்ல காயாகப் பார்த்து, யாரும் குழம்புக்குப் பறித்துவிடாமல் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுங்கள். புடலை பழுத்துச் சிவக்கட்டும், பீர்க்கு காய்ந்து கலகலக்கட்டும். விதையை எடுத்துச் சாம்பலில் புரட்டி, நிழலில் உலர்த்தி, பாட்டிலில் போட்டு மூடி, மேலே மாதத்தை எழுதி வையுங்கள். அடுத்த ஆடிக்குக் கடைக்குப் போக வேண்டாம்.