புகழ்ச்சொல்லின் நிறை

ஒருவரைப் புகழ எடுத்த சொல் அவரைப் பிறரினின்றும் பிரித்துக் காட்டல் வேண்டும். காட்டாதாயின் அது வெற்றொலியே. இஃது யான் புதிதாகக் கண்ட கொள்கையன்று. இனத்தைப் பிரித்துச் சுட்டாத அடைமொழி செய்யுளுக்கு உரியதேயன்றி உலக வழக்கிற்கு உரியதன்று எனத் தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் வரையறை செய்துள்ளார். செந்தாமரை என்றால் வெண்டாமரை விலகுகின்றது. ஆகவே அங்கே அடைமொழிக்கு வேலை உண்டு. செஞ்ஞாயிறு என்றால் விலகுவது எது? கரிய ஞாயிறு என ஒன்றில்லையே! புலவன் பாடிக்கொள்ளட்டும்; தெருவில் நின்று பேசுவோனுக்கு அது வேண்டா.

ஸ்பானிய மொழியார் இத்தகைய வேறுபாட்டைச் சொல் நிற்கும் இடத்தாலேயே காட்டுவர். ‘கிரான் ஓம்ப்ரே’ என அடை முன்னே வரின் மாண்புடைய மனிதன். ‘ஓம்ப்ரே கிராந்தே’ எனப் பின்னே வரின் உருவிற் பெரிய மனிதன். வெண்பனி என்பது போன்ற, இனஞ்சுட்டாத அடையை அவர்களும் பெயருக்கு முன்னரே வைப்பர். அவர்கள் வியந்து போற்றும் ‘ஃபொர்மிதாப்ளே’ என்னுஞ் சொல்லுக்குப் பழம்பொருள் அஞ்சத்தக்கது என்பதாம். நம் பிள்ளைகள் ‘படம் பயங்கரமாக இருந்தது’ என்று மெச்சும்போது முகஞ்சுளிக்கும் பண்டிதர்கள், ‘கடி’ என்னும் உரிச்சொல்லுக்கு நன்னூலார் வகுத்த 13 பொருள்களுள் அச்சமும் உண்டு, சிறப்பும் உண்டு என்பதை நினைவு கொள்வாராக.

நிற்க. நானுஓயாவுக்குப் புகையிரதம் வந்தது 1885ஆம் ஆண்டில். அன்று தொட்டு இம்மலையினின்றும் கொழும்புக்கு இறங்கிய தேயிலைக்கு எத்துணைப் புகழ்ச்சொற்கள்! அந்நகரில் 1883 முதல் நடந்துவரும் ஏலத்துக்காகச் சாயத்தைச் சுவைத்துப் பார்ப்போரின் சொற்களைக் கேட்டால் தமிழ்ப் பண்டிதனுக்கு நாணம் உண்டாகும். ‘பிரைட்’ என்றால் மங்கலின்றி ஒளிர்வது. ‘பிரிஸ்க்’ என்றால் நாவில் உயிர்ப்போடு நிற்பது. ‘கொப்பரி’ என்றால் ஊறிய இலை செம்பின் நிறங்கொண்டது. ஒன்றைச் சொல்லவேண்டிய இடத்தில் மற்றொன்றைச் சொன்னால் விலை மாறிவிடும். அக்கொழுந்தைப் பறித்த கைக்கோ நெடுங்காலம் இருந்த சொல் ‘கூலி’ என்ற ஒன்றே. ‘பெரிய’ என்னும் அடை துரைக்கும் கங்காணிக்கும் போய்ச் சேர்ந்தது. அங்கும் அது பண்பைக் குறிக்கவில்லை, பதவியைக் குறித்தது.

2023இல், மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்து 200 ஆண்டுகள் நிறைந்தமை பல இடங்களிலும் நினைவுகூரப்பட்டது. தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தே சென்றவர்கள் உண்டு. மேடைகளில் ‘நாட்டின் முதுகெலும்பு’ என்னுந் தொடர் கேட்டுக் கேட்டுக் காது புளித்தது. முதுகெலும்பு என்பது சுமப்பது. அதற்கு முகம் இல்லை.

அண்மையில், 38 ஆண்டுகள் கொழுந்தெடுத்து ஓய்வுபெற்ற ஓர் அம்மைக்கு வாழ்த்துமடல் எழுதி, திருத்தித் தருமாறு தோட்டத்து இளைஞர்கள் கொணர்ந்தார்கள். ‘ஒப்பற்ற’, ‘ஈடிணையற்ற’, ‘தன்னிகரில்லா’ என மூன்றும் முதல் வரியிலேயே நின்றன. முன்னைய மாதம் ஓர் அரசியற் பிரமுகருக்கு வாசித்த மடலிலும் இவையே நின்றன. மூன்றையும் வெட்டினேன்.

ஓர் இளைஞன் விடவில்லை. “ஐயா, தலைமுறை தலைமுறையாக எங்களை ஏசினவர்கள் அளந்தா ஏசினார்கள்? புகழும்போது மட்டும் நாங்கள் ஏன் அளக்க வேண்டும்?” என்றான்.

கேள்வி நியாயமானதே. ஆயினும் அந்த ஏச்சின் கொடுமை அளவிறந்தமையில் மட்டும் இல்லை. ஆளைப் பாராமையிலும் இருந்தது. தாயையும் மகளையும், கைத்திறன் உடையாரையும் இல்லாரையும் அது ஒரே சொல்லால் மூடிற்று. ‘ஈடிணையற்ற’ என்பதும் மூடுவதே. துணி மட்டும் பட்டு. அவ்வம்மையை அது யாரினின்றும் பிரிக்கின்றது?

அவர் செய்தவை யாவை என வினவினேன். அதன்பின் விடை தானே வந்தது. அடைமழையிலும் முற்றிய இலை கலவாமல் கொழுந்தெடுத்தவர். செடியின் மட்டம் கெடவிடாதவர். புதிதாகப் பேர் பதிந்த பெண்களுக்குத் தம் நிரைக்குப் பக்கத்து நிரையைக் கொடுத்துப் பழக்கியவர். நிறுவையிற் குறைத்து எழுதியபோது தமக்காகவன்றிப் பிறருக்காகவும் கேட்டவர். இவற்றை அப்படியே எழுதுவித்தேன். ‘நல்ல’ என்னும் எளிய அடை இரண்டிடத்திற் போதியதாயிற்று.

அவ்விளைஞன் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க மறுத்தான்: தலைப்பில் ‘சான்றோர்’ என்று இருத்தல் வேண்டுமாம். ‘சால’ என்னும் உரிச்சொல்லுக்கும் அதற்கும் வேர் ஒன்றே. நிறைவு என்பது பொருள். பழம்பாடல்களில் அது போர்வீரரையுங் குறிக்கும். கற்றாரும் பட்டம் பெற்றாருமே தமதென்று கொண்டுள்ள சொல் அது. யானுங் கூட இதுவரை வேறெவர்க்கும் வழங்கியதில்லை. நிறுவைக்களத்தில் நின்று கேட்டாரே, அதை மீண்டும் ஒருமுறை வாசித்தேன். சொல்லை இருந்தபடியே விட்டு, ஒற்றுப்பிழை மட்டுந் திருத்திக் கொடுத்தேன்.