கறுப்பு வெள்ளைப் படத்தில் பச்சை எங்கிருந்து வந்தது?

மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டிலும் தாத்தா பாட்டியின் பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படம் ஒன்று இருக்கக்கூடும். அதைக் கணினியில் ஏற்றி, பெரிதாக்கி, அச்சிட்டு வாங்கியிருக்கிறீர்களா? வாங்கியிருந்தால், படம் முழுவதும் மெல்லிய பச்சையோ இளஞ்சிவப்போ நீலமோ படர்ந்திருப்பதைக் கண்டு முகம் சுளித்திருப்பீர்கள். வண்ணமே இல்லாத படத்தில் வண்ணம் எப்படி வந்தது? "கணினியில் கொஞ்சம் மாற்றினால் சரியாகிவிடும்" என்பதே பலரும் தரும் விடை. காரணத்தைத் தேடாமல் மாற்றத் தொடங்குவது தவறு என்பது என் கருத்து. அந்தத் தவற்றை நானே செய்திருக்கிறேன்.

என் தாத்தாவுக்கு இருந்தது ஒரே ஒரு படம்தான். அதைப் பெரிதாக்கி மாட்டவேண்டும் என்று அம்மா கேட்டார். எங்கள் ஊர்க் கடை ஒன்றில் கொடுத்து வாங்கினேன். கடையில் பார்த்தபோது மாசற்ற சாம்பல் நிறம். வீட்டில் ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டியதும் அம்மா, "என்னப்பா, அப்பா முகத்துல பாசி புடிச்ச மாதிரி இருக்கே?" என்றார். உண்மைதான். படத்தைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். அங்கே இருந்த மஞ்சள் விளக்கின் கீழ் வைத்தால் பச்சையே இல்லை! "நல்லாத்தானே இருக்கு சார்?" என்று கடைக்காரர் என்னை ஒருமாதிரி பார்த்தார். இருந்தாலும் என் பிடிவாதத்துக்காக மெஜந்தாவைச் சற்றுக் கூட்டி மறுபடி அச்சிட்டுத் தந்தார். பகலில் படம் சரியாக இருந்தது. இரவில் விளக்கைப் போட்டதும் தாத்தாவின் முகம் ரோஜா நிறமாயிற்று. இப்படி மூன்று முறை நடந்தேன். கல்லூரியில் ஒளியியல் நடத்துகிறவன் மூன்றாவது நடையில்தான் யோசித்தான் என்பதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

பழைய படத்தில் நமக்குக் கறுப்பாகத் தெரிவது வெள்ளி! நுண்ணிய வெள்ளித் துகள்கள் தம்மீது விழும் ஒளியில் எல்லா அலைநீளங்களையும் ஏறக்குறையச் சமமாக விழுங்குகின்றன. ஆகவே எந்த விளக்கின் கீழும் அந்தச் சாம்பல் அவ்வளவாக மாறுவதில்லை. இன்றைய அச்சுப்பொறி அப்படிப்பட்டதன்று. கறுப்பு மைப்புள்ளிகளை மட்டும் அங்கங்கே தெளித்தால் முகத்தில் மணல் தூவியதுபோலத் தெரியும். ஆதலால் வெளிறிய சாம்பலைச் சயான், மெஜந்தா, மஞ்சள் என்னும் மூன்று மைகளைக் கலந்தே பல பொறிகள் உண்டாக்குகின்றன. ஒளியால் பதித்து வேதிக் கரைசலில் கழுவி எடுக்கும் வண்ணப் புகைப்படத் தாளிலோ கறுப்புச் சாயம் என்ற ஒன்றே கிடையாது. அங்கே இருட்டும் நிழலும் தலைமயிரும் இந்த மூன்று சாயங்களின் கூட்டுத்தான்.

மூன்றையும் சம அளவில் கலந்தால் சாம்பல் வருமா? பாடப்புத்தகப் படத்தில் வரும். தாளில் பழுப்பு வரும். சயான் மை சிவப்பொளியை மட்டும் விழுங்கவேண்டும். ஆனால் அது பச்சையிலும் நீலத்திலும் கொஞ்சம் கை வைத்துவிடுகிறது. மெஜந்தா நீலத்திலும் கை வைக்கிறது. எனவே அச்சுத் தொழிலில் நடுத்தரச் சாம்பலுக்குச் சயான் 50 விழுக்காடு, மெஜந்தா 40, மஞ்சள் 40 என்பது போன்ற ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். இந்தத் தராசு இம்மியளவு சாய்ந்தாலும் நம் கண் பிடித்துவிடும். சிவப்புச் சேலையில் அதே அளவு பிழை இருந்தால் யாரும் கவனிப்பதில்லை. சாம்பலுக்குத்தான் அந்தச் சலுகை இல்லை.

ஆனால் என் தாத்தா படத்தில் சாய்ந்தது மையின் தராசு அன்று, விளக்கு. மூன்று மைகளால் ஆன சாம்பல் எல்லா அலைநீளங்களையும் சமமாகத் திருப்பி அனுப்புவதில்லை. ஓரிடத்தில் கூடுதலாகவும் ஓரிடத்தில் குறைவாகவும் அனுப்புகிறது. சிவப்பு மிகுந்த மஞ்சள் விளக்கில் அந்த மேடுபள்ளங்கள் ஒன்றையொன்று ஈடுசெய்து, கண்ணுக்குச் சாம்பலாகத் தெரியலாம். நீலம் மிகுந்த பகல் ஒளியில் அந்த ஈடு கெட்டுவிடும். 2000-ஆம் ஆண்டை ஒட்டி வந்த நிறமித்துகள் மைகளில் இந்தத் தொல்லை பெரிதாக இருந்தது. வீட்டு விளக்கில் சாம்பல், வெளியே வந்தால் பச்சை!

ஒரு விளக்கைப்போல இன்னொன்று இல்லை என்பதை நீங்களே காணலாம். பழைய சி.டி. ஒன்றைச் சாய்த்துப் பிடித்து அதில் குழல்விளக்கின் பிம்பத்தைப் பாருங்கள். 436, 546 நானோமீட்டர் அலைநீளங்களில் பாதரசம் தரும் நீலமும் பச்சையும் பளிச்சென்று தனித்து நிற்கும். வெள்ளை எல்.இ.டி. விளக்கில் 450-ஐ ஒட்டி ஒரு நீல உச்சமும், அதன்பின் அகன்ற பச்சை-மஞ்சள்-சிவப்புப் பரப்பும் தெரியும். சூரியனின் பிம்பத்தை மட்டும் இப்படிப் பார்க்கவேண்டாம், கண்ணுக்குக் கேடு. அச்சுத் தொழிலார் இதை நன்கறிந்தே, படங்களை மதிப்பிடுவதற்கு 5000 கெல்வின் ஒளியை ஐ.எஸ்.ஓ. 3664 என்ற தரத்தில் வரையறுத்துள்ளனர். நமக்கு அந்த விளக்கு வேண்டியதில்லை. பகலில், வெயில் நேரே படாத வாசல் திண்ணை போதும்.

ஆகவே, சாயல் தெரிந்தால் முதலில் படத்துடன் வாசலுக்கு வாருங்கள். இடத்துக்கு இடம் சாயல் மாறினால், குற்றவாளி விளக்கும் மையும் சேர்ந்த கூட்டு. எங்கே வைத்தாலும் அதே சாயல் என்றால் மட்டுமே பொறியையும் கோப்பையும் ஆராயவேண்டும். கோப்பில் ஏதேனும் ஒரு சாம்பல் புள்ளியின் சிவப்பு, பச்சை, நீல எண்களைப் பாருங்கள். 128, 128, 128 என்று மூன்றும் சமமாக இருந்தால் கோப்பு குற்றமற்றது. 140, 128, 110 என்று வந்தால் பழைய தாளின் மஞ்சளையும் சேர்த்து நகலெடுத்திருக்கிறீர்கள். அடுத்து, மைத்துளைகளைச் சோதிக்கும் கோடுகளை அச்சிட்டுப் பாருங்கள். மெஜந்தா அடைபட்டிருந்தால் படம் பச்சையாகும். சயான் அடைபட்டால் சிவக்கும். மஞ்சள் அடைபட்டால் நீலமாகும். நிரப்பு நிறங்கள் என்று நீங்கள் மனப்பாடம் செய்தது இதுதான்!

தாளையும் மறக்கவேண்டாம். சொட்டு நீலம் போட்ட வேட்டியைப்போல, பல தாள்களில் வெண்மையூட்டும் பொருள் கலந்திருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாத புறஊதா ஒளியை வாங்கி நீல ஒளியாகத் தருகிறது. எனவே பகலில் வெளிறிய பகுதிகள் நீலம் பாரிக்கும். இன்னொன்று, வண்ணக் கணக்கைப் படத் திருத்த மென்பொருளும் செய்து, அச்சுப்பொறியின் மென்பொருளும் மறுபடி செய்தால், இரண்டு பேர் உப்புப் போட்ட குழம்பாகிவிடும். யாராவது ஒருவர் போட்டால் போதும்.

சாயலே கூடாது என்று நான் சொல்லவில்லை. செபியாவின் பழுப்பு எனக்கும் பிடிக்கும். ஆனால் அதை நாம் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும்.

ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். தாளையும் மையையும் அமைப்பையும் ஒருசேர மாற்றினால் படம் தற்செயலாகச் சரியாகலாம். எதனால் சரியாயிற்று என்பது தெரியாமலே போய்விடும். ஒவ்வொரு படியின் பின்புறத்திலும் தேதி, தாள், அமைப்பு மூன்றையும் பென்சிலால் குறியுங்கள். ஒப்பிடுவதற்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் படி இருக்கட்டும். அதில் கறுப்புத் தூள் ஒன்றுதான் உண்டு. பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் ஆண்டுதோறும் எரிமலை வெடிப்பதைப் பார்த்து அலுத்துவிட்டது. ஒரு சாம்பல் படத்தை மூன்று விளக்குகளின் கீழ் வைத்துக் காட்டினால், அதில் இயற்பியலும் வேதியியலும் கண்ணின் உயிரியலும் வந்துவிடுமே!

அந்த மூன்று படிகளையும் எங்கள் ஆய்வகத்தின் இருட்டறைக்கு எடுத்துச் சென்று சோடியம் விளக்கின் கீழ் வைத்தேன். 589 நானோமீட்டர் மஞ்சள் ஒளி மட்டுமே இருந்த அந்த அறையில் எது பச்சை, எது ரோஜா என்று என்னால் சொல்ல முடியவில்லை. பிறகு, கறுப்புடன் சாம்பல், வெளிர்சாம்பல் மைகளும் தனியாக உள்ள அச்சுப்பொறியில் போட்டு வாங்கினேன். பகலிலும் இரவிலும் தாத்தா அதே தாத்தாவாக இருக்கிறார்.

பழைய கடைக்காரரிடம் நடந்ததைச் சொல்லி மன்னிப்பும் கேட்டேன். அவர் இப்போது கறுப்பு வெள்ளைப் படம் அச்சிட்டால், தெருவாசலுக்கு வந்து ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் உறையில் போடுகிறார்.