வீக் ஆஃப் நாளில் ஒரு மலை



நம் கார்த்திகை இதழ் வெளியான வாரத்தில் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் சுங்குவார்சத்திரம் பக்கம் ஹாஸ்டலில் தங்கி, எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஒன்றில் லைனில் நிற்கும் பெண். சொந்த ஊர் ஜவ்வாது மலையின் அடிவாரம். “அக்கா, இங்க வந்து ரெண்டு வருஷம் ஆகுது. கால் சமதரையிலேயே நடந்து பழகிடுச்சு. நான் ஏறின பெரிய மேடுன்னா ஒரகடம் மேம்பாலம்தான், அதுவும் பஸ்ஸுல. ஒரு நாள் போய் ஏறி நடக்கிற மாதிரி பக்கத்துல மலை ஏதாவது இருக்கா?”

அந்தக் கடிதத்தை மூன்று நாள் மேசையிலேயே வைத்திருந்தேன். இங்கே எல்லாத் தரையும் சமதரைதான். ஷாப் ஃப்ளோரில் எபாக்ஸி பூசிய வழுவழுப்பு. நடக்க வேண்டிய பாதைக்கு மஞ்சள் கோடு. கேன்டீன், பஸ், ஹாஸ்டல் வராந்தா, மறுபடி பஸ். எட்டு மணி நேரம் நின்ற கால் வீக் ஆஃப் நாளில் கட்டிலில் நீட்டிக் கிடக்கிறது. ஓய்வு வேண்டும், யார் இல்லையென்றார்கள்? ஆனால் மலையடிவாரத்தில் பிறந்த ஒரு பெண்ணின் கால் மேட்டையும் பள்ளத்தையும் தேடுகிறது என்றால், அதுவும் ஒரு பசிதான்.

இருக்கிறது, தங்கச்சி. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வேனில் ஒன்றரை மணி நேரத் தொலைவில் மலை இருக்கிறது. திருவள்ளூர் தாண்டி, பூண்டி தாண்டி, குடியம் என்ற சிற்றூருக்குப் பின்னால் ஓடும் அல்லிக்குழி மலைத்தொடர். போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வனத்துறை அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொண்டு, பதினொரு பேர் போய் வந்தோம். கடிதம் எழுதிய பெண்ணும் அவள் அறைத்தோழியும், ஒரகடத்தில் டூல் ரூமில் வேலை செய்யும் தர்மபுரித் தம்பி ஒருவர், ஓய்வுபெற்ற ஐடிஐ ஆசிரியர் ஒருவர், நைட் ஷிப்ட் முடித்து யூனிஃபார்மோடு வேனில் ஏறி, திருவள்ளூர் வரை ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிய இரண்டு பையன்கள். இந்த மாதம் என் பக்கம் முழுக்க அந்த ஒரு நாளைப் பற்றித்தான்.

பூண்டி ஏரிக்கரையில் விடிந்தது. கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே 1944-இல் கட்டி முடித்த நீர்த்தேக்கம். சென்னை மேயராயிருந்த சத்தியமூர்த்தியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. சென்னை குடிக்கும் தண்ணீரில் ஒரு பங்கு இங்கே தேங்கித்தான் போகிறது. கரையில் டீ குடித்துவிட்டுக் குடியம் போய்ச் சேர்ந்தபோது ஏழரை. ஊர்ப் பெரியவர் ஒருவர் வழிகாட்ட வந்தார். கையில் ஒரு கழி, தோளில் துண்டு, காலில் டயர்ச் செருப்பு. எங்கள் ஷூக்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “பார்த்து வாங்கம்மா, இங்க கல்லு உருளும்” என்றார். அன்று முழுக்க அவர் சொன்ன எல்லாவற்றிலும் பெரிய உண்மை அதுதான்.

இந்த மலையே கூழாங்கற்களால் ஆனது. ஜல்லி அதிகமாகவும் சிமென்ட் குறைவாகவும் போட்டுக் கலந்த கான்கிரீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஜல்லிக்குப் பதிலாக முட்டை அளவிலிருந்து தேங்காய் அளவு வரை உருண்டு திரண்ட கற்கள். பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், வடமேற்கே நகரிப் பக்கத்து மலைகளிலிருந்து ஆறுகள் உருட்டிக்கொண்டு வந்த குவார்ட்சைட் கற்கள் அவை. படிந்து, இறுகி, மேலெழுந்து, இன்று மலையாக நிற்கின்றன. மழை கரைக்கக் கரைக்க, பதிந்திருந்த கல் ஒவ்வொன்றாகக் கழன்று பாதையில் விழுகிறது. அதன் மேல் கால் வைத்தால் பால் பேரிங் மேல் வைத்தது போலத்தான். முதல் அரை மணி நேரம் எல்லாரும் கீழேயே பார்த்து நடந்தோம். ஜவ்வாது மலைக்காரி மட்டும் நிமிர்ந்து நடந்தாள். இரண்டு வருடம் ஆகியும் அவள் கால் எதையும் மறக்கவில்லை.

சூரைமுள்ளும் களாவும் ஈச்சம்புதரும் அடர்ந்த காட்டில் ஓரிடத்தில் வழி பிரிந்தது. பேச்சு மும்முரத்தில் பெரியவரை முன்னே விட்டுவிட்டு நாங்கள் ஆட்டுத் தடத்தைப் பிடித்துப் போய்விட்டோம். புதருக்குள் இருபது நிமிடம் அலைந்து, துப்பட்டாவும் சட்டைக் கையும் கிழிந்தபின், தொலைவிலிருந்து பெரியவர் கூப்பிட்ட குரலைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தோம். போகிறவர்கள் வழிகாட்டியை ஒருபோதும் கண்ணிலிருந்து விடாதீர்கள்.

குகை சட்டென்றுதான் எதிரே வருகிறது. மரங்கள் விலகியதும் பெரிய கல்யாண மண்டபத்தின் முகப்புப் போல ஒரு பாறைக் குடை. கூரையிலிருந்து தேனடைகள் தொங்குகின்றன. சத்தம் போடாதீர்கள் என்று பெரியவர் சைகை காட்டினார். உள்ளே ஊர்மக்கள் கும்பிடும் அம்மன் இருக்கிறாள். மஞ்சளும் குங்குமமும் புதிதாக இருந்தன. சுவரில் பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்த ஒரு கல்லின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். குளிர்ச்சி. அதன் பக்கத்திலேயே, கழன்று விழுந்த இன்னொரு கல்லின் குழி, கிண்ணம் போல வழவழவென்று இருந்தது.

1962-க்கும் 1964-க்கும் இடையில் கே.டி. பானர்ஜி தலைமையில் இந்தியத் தொல்லியல் துறை இங்கே அகழ்ந்தது. கிடைத்தவை கற்கருவிகள். ஆனால் இந்தக் கதை அதற்கும் நூறாண்டு முன்பே தொடங்கிவிட்டது. 1863 மே 30 அன்று, தாம்பரத்துக்கு அடுத்த பல்லாவரத்தில், ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர், சரளை தோண்டிய ஒரு குழியில் கற்காலக் கைக்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். சரளை வெட்டிய குழி என்பதைக் கவனியுங்கள். அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் கொசஸ்தலை ஆற்றை ஒட்டிய அதிரம்பாக்கத்தில் ஓடைக்கரையில் கருவிகளைக் குவியலாகவே கண்டார்கள். குடியத்திலிருந்து அது ஒரு சில கிலோமீட்டர்தான். 1999 முதல் சாந்தி பப்புவும் அவர் குழுவினரும் அதிரம்பாக்கத்தில் பொறுமையாக அகழ்ந்து ஆராய்ந்தார்கள். அங்குள்ள மிகப் பழைய கருவிகளுக்கு ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011-இல் அறிவித்தார்கள். மேல் அடுக்கில் வேறொரு தொழில்நுட்பம் சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டதை 2018-இல் எழுதினார்கள்.

15 லட்சம் ஆண்டு என்று சொன்னால் மனம் பிடிகொடுப்பதில்லை. எனக்கு அது பிடிபட்டது, குகையை விட்டு மேலேறும் சரிவில். டூல் ரூம் தம்பி குனிந்து நின்றுவிட்டார். காலடியில் ஒரு கல் சில்லு. உள்ளங்கையளவு, ஒரு பக்கம் கூழாங்கல்லின் பழுப்புத் தோல், மறுபக்கம் சீவிய முகம், விளிம்பு மெல்லியது. அவர் அதைக் கையில் எடுக்கவில்லை. முதலிலேயே சொல்லி வைத்திருந்தோம். மண்டியிட்டு, தலையைச் சாய்த்து, வெளிச்சம் விழும் பக்கமாகப் பார்த்தார்.

“இங்க பாருங்கக்கா, அடி விழுந்த இடம். குமிழ் மாதிரி புடைச்சிருக்கு. அங்கிருந்து அலை அலையாப் போகுது. இது தானா உடைஞ்ச கல்லா இருந்தா இப்படி வராது. முதல்ல இந்தப் பக்கம் ரெண்டு தட்டு, அப்புறம் ஜாப்பைத் திருப்பிப் போட்டு இந்தப் பக்கம். செட்டிங் மாத்திருக்கான்.”

ஜவ்வாது மலைக்காரி விடவில்லை. “‘மாத்திருக்கான்’னு எப்படிச் சொல்றீங்க? மாத்திருக்காளா இருக்கக் கூடாதா?”

தம்பி ஒரு நொடி யோசித்தார். “இருக்கலாம்” என்றார். அப்புறம் அந்தச் சில்லைப் பற்றிப் பேசியபோதெல்லாம் “மாத்தினவங்க” என்றே சொன்னார்.

ஐடிஐ ஆசிரியர் அப்போது ஒன்று சொன்னார். அதிரம்பாக்கத்தில் பெரிய சில்லுகளை உடைத்தெடுக்கும் அளவுக்கு அந்த இடத்திலேயே பெரிய கற்கள் கிடையாது. வேறெங்கோ கல்லைத் தேர்ந்து, உடைத்து, சில்லாகக் கொண்டுவந்து, அங்கே முடித்திருக்கிறார்கள் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. “ஃபோர்ஜிங் ஒரு இடம், மெஷினிங் ஒரு இடம்” என்றார் அவர். டூல் ரூம் தம்பி தலையை மட்டும் ஆட்டினார். அவர் முகத்தில் அப்போது தெரிந்ததை எப்படிச் சொல்வது? தன் வேலையைப் புரிந்த ஒரு சீனியரை எதிர்பாராத இடத்தில் சந்தித்தவர் முகம் அது. கன்ட்ராக்ட் முடியும் தேதியை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளைக்கு, தன் கைத்தொழிலின் வேர் தான் வாடகைக்கு இருக்கும் மண்ணிலேயே இருக்கிறது என்று தெரிவது சின்ன விஷயம் இல்லை.

ஒரகடத்திலேயே இருக்கிறது என்றும் சொல்லலாம். ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டில் 2022-இல் இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது, இடைக்கற்காலக் கருவிகள் மண்ணுக்கடியில் இருந்தன. அதே ஊரில் ரோமானியர் காலத்து ஜாடிச் சில்லுகளும் கிடைத்தன. நாம் தினமும் பஸ்ஸில் கடக்கும் வழிதான் அது.

மலை முதுகுக்கு வந்தபோது மணி பதினொன்று. கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டரைக்கூட எட்டாத மலை. ஆனால் சுற்றிலும் சமவெளி என்பதால் வானம் முழுவதும் நமக்கே. கீழே பூண்டித் தண்ணீர் தகடு போல. வடமேற்கே நகரி மலைகள், அந்தக் காலத்தில் கடலில் வரும் கப்பல்காரர்கள் அடையாளம் வைத்துக்கொண்ட நகரி மூக்கு. காற்று வியர்வையை உலர்த்தியது. முதுகின் மேலேயே முக்கால் மணி நேரம் வரிசையாக நடந்தோம். யாரும் அதிகம் பேசவில்லை. கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றையும் உருளைக்கிழங்கு வறுவலையும் ஒரு பாறை நிழலில் பிரித்தோம். நைட் ஷிப்ட் பையன்களில் ஒருவன் சாப்பிட்ட கையோடு பாறையில் மல்லாந்து, “சைரன் சத்தமே இல்லக்கா” என்றான்.

அங்கே உட்கார்ந்திருந்தபோது ஸ்காட்லாந்தின் நினைவு வந்தது. நான் போனதில்லை, படித்திருக்கிறேன். கிளாஸ்கோவிலிருந்து ரயிலும் படகுமாகப் போய்ச் சேரும் ஆரன் தீவில் கோட்ஃபெல் என்ற 874 மீட்டர் சிகரம் உண்டு. அதையொட்டிய மலை முதுகுகளின் மேல் ஒரு பகல் முழுக்க நடப்பதற்கென்றே மக்கள் போகிறார்கள். பூமியின் வயது நாம் நினைப்பதைவிட மிக மிக நீளம் என்று சொன்ன ஜேம்ஸ் ஹட்டன் 1787-இல் அந்தத் தீவுக்குத்தான் பாறைகளைப் பார்க்கப் போனார். எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது வேறு. கிளாஸ்கோவை ஒட்டிய கிளைடுபேங்க்கில் கப்பல் கட்டும் தளத் தொழிலாளர்கள் 1930-இல் தங்களுக்கென்று ஒரு மலையேறும் சங்கம் தொடங்கினார்கள். வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய காலம். 1932 ஏப்ரலில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் பக்கத்து இளம் தொழிலாளர்கள், நிலக்கிழார்கள் வேலியிட்டு வைத்திருந்த கிண்டர் ஸ்கவுட் மேட்டில் கூட்டமாக ஏறி நடந்தார்கள். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். மலை நடை என்றாலே பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஆலையில் நின்று கால் கடுத்தவர்கள் கேட்டு வாங்கிய உரிமையும் அதில் இருக்கிறது.

இறங்கும்போது அடிவாரத்தில் ஒரு பக்கம் செம்மண் சரளையை வெட்டி எடுத்த பள்ளத்தைப் பார்த்தோம். லாரித் தடம் பழையதுதான். ரோட்டுக்கும், பிளாட் நிரவவும் நம் பகுதி முழுக்கக் கொட்டுவது இப்படிப்பட்ட சரளையைத்தான். ஃபூட்டின் கைக்கோடரி கிடந்ததும் இப்படி ஒரு சரளைப் படிவில். எந்த லோடில் என்ன போனது என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. எனக்கு அது வயிற்றைப் பிசைகிறது. தொழிற்சாலைகள் வேண்டாம் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. இந்த இதழே அவற்றின் நிழலில் வளர்ந்தது. வெட்டுவதற்கு முன் ஒருவரை அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

திரும்பும் வழியில் பூண்டியில் மாநிலத் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகத்துக்குப் போனோம். கண்ணாடிக்குள் கைக்கோடரிகள் வரிசையாக இருந்தன. டூல் ரூம் தம்பி கண்ணாடிக்கு வெளியே தன் வலது கையை விரித்து வைத்து அளவு பார்த்தார். பெருவிரல் பதியும் இடம், மற்ற விரல்கள் மடியும் இடம். சரியாக இருந்தது. ஜவ்வாது மலைக்காரியும் வைத்துப் பார்த்தாள். அவளுக்கும் சரியாகவே இருந்தது.

அடுத்த நடை மாசி மாதத்து இரண்டாவது ஞாயிறு. அதிகாலை ஐந்து மணிக்கு ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வேன் புறப்படும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், முழுக்கைச் சட்டை, பிடிமானமுள்ள ஷூ. வழியில் எந்தக் கல்லையும் எடுக்கக் கூடாது. கிடக்கிற இடத்தில் கிடந்தால்தான் அது சாட்சி. வனத்துறையிடம் பெயர்ப்பட்டியல் கொடுக்க வேண்டியிருப்பதால் பத்து நாள் முன்னாலேயே தபாலில் தெரிவியுங்கள். நைட் ஷிப்ட் முடித்து வருகிறவர்கள் அதையும் எழுதுங்கள், ஜன்னல் சீட்டை உங்களுக்கு ஒதுக்கி வைக்கிறேன். திருவள்ளூர் வரை தூங்கலாம்.

அன்புடன்,
ஆசிரியர்