இன்னும் கிட்ட போகச் சொன்னது நான்தான்

போன டிசம்பர்ல செமஸ்டர் முடிஞ்ச கையோட நாங்க அஞ்சு பேர் இலங்கைக்குக் கிளம்பினோம். சென்னையில ஏறி ஒரு குட்டித் தூக்கம் போடுறதுக்குள்ள கொழும்பு வந்துடுது. அங்கிருந்து கடலை ஒட்டியே போற ரயில்ல வெலிகம, அதுக்குப் பக்கத்துல மிரிச. போனது நீலத் திமிங்கலம் பார்க்க. மத்தவங்க எல்லாம் மூணாறு, கொடைக்கானல்னு போகும்போது நாங்க மட்டும் திமிங்கலம்னு கெத்தா ஸ்டேட்டஸ் போட்டுட்டுத்தான் போனோம்.

காலை ஆறரைக்குப் படகு. ஒரு மணி நேரத்துல பாதிப் பேர் வாந்தி, என்னையும் சேர்த்து. அப்புறம் தூரத்துல வெள்ளையா ஒரு நீர்த்தூண். படகோட்டி எஞ்சினை முறுக்கினார். நாங்க போய்ச் சேரும்போது அங்க ஏற்கெனவே ஏழெட்டுப் படகு. நடுவுல அது. முதுகு மட்டும்தான் தெரிஞ்சது, ஆனா அந்த முதுகு போய்க்கிட்டே இருந்தது, முடியவே இல்ல. நான் மொபைலைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு "க்ளோஸர், க்ளோஸர்"னு கத்தினேன். படகோட்டி திரும்பிப் பார்த்துச் சிரிச்சார், இன்னும் கிட்ட போனார். வாலைத் தூக்கிக் காட்டிட்டு அது உள்ள போயிடுச்சு. எல்லாரும் கைதட்டினோம்.

அந்த வீடியோ இன்னும் என்கிட்ட இருக்கு. அதுல திமிங்கலத்தை விட என் குரல்தான் நல்லா கேட்குது.

ஊருக்கு வந்தப்புறம்தான் படிச்சேன். மத்த கடல்கள்ல இருக்கிற நீலத் திமிங்கலங்கள்ல பெரும்பாலானவை சாப்பாட்டுக்குக் குளிர்ந்த கடலுக்குப் போகும், குட்டி போட வெதுவெதுப்பான கடலுக்கு வரும். இந்தியப் பெருங்கடலின் வடக்குப் பகுதியில இருக்கிறதுங்க அப்படி துருவம் வரைக்கும் போறதில்ல. வருஷம் பூரா இந்தச் சூடான கடல்லயேதான். இதை இலங்கைக் கடல்ல ஆராய ஆரம்பிச்சவர் ஆஷா டி வோஸ். 2003ல கடல்ல மிதந்த சிவப்பு நிற திமிங்கலக் கழிவைப் பார்த்துத்தான், 'அட, இதுங்க இங்கயே சாப்பிடுதே'ன்னு அவருக்குப் பொறி தட்டியது. நாம லேப்ல ஒரு ரீடிங் தப்பா வந்தா அடிச்சுட்டு எதிர்பார்த்த வேல்யூவை எழுதுவோம். அவர் அந்த ஒரு ரீடிங்கைப் பிடிச்சுக்கிட்டுப் போனவர்.

அதாவது, நாங்க சுத்தி வளைச்சது சும்மா நீந்திக்கிட்டிருந்த ஒரு மிருகத்தை இல்ல. ஆழத்துல போய் சின்னஞ்சிறு இறால் வகைகளைச் சாப்பிட்டுட்டு, மூச்சு வாங்க மேல வந்ததை. மேல இருக்கிற அந்தச் சில நிமிஷம்தான் அதோட இண்டர்வெல். அதுல போய் எட்டுப் படகு நின்னா, மூச்சை முழுசா வாங்காமலே கீழ போகணும், இல்லாட்டி சாப்பாட்டு இடத்தை விட்டே நகரணும். 100 மீட்டருக்குள்ள போகக்கூடாதுன்னு அங்க விதி இருக்கு. எங்க படகு எவ்வளவு கிட்ட போச்சுன்னு சொன்னா உங்களுக்கே அசிங்கமா இருக்கும்.

இது பத்தாதுன்னு கப்பல் வேற. தெற்குக் கரையில கண்டத்திட்டு ரொம்பக் குறுகல், கரையிலிருந்து கொஞ்ச தூரத்துலயே கடல் ஆழமாயிடும். அதனாலதான் திமிங்கலமும் கரைக்கிட்ட வருது, உலகத்துலயே நெரிசலான கப்பல் பாதைகள்ல ஒண்ணும் தெய்வேந்திரமுனைக்குக் கீழ அதே இடத்துல போகுது. மோதிச் செத்த திமிங்கலங்கள் உண்டு. 2022ல எம்எஸ்சி என்கிற பெரிய கப்பல் நிறுவனம் தானாகவே தன் கப்பல்களைச் சுமார் 15 கடல் மைல் தெற்கே தள்ளிப் போகச் சொன்னது.

ஈசிஇ மக்களே, சத்தக் கணக்கும் இருக்கு. காற்றுல ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும், கடல் நீர்ல சுமார் 1500. நீலத் திமிங்கலம் பேசுறது பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸை ஒட்டியும் அதுக்குக் கீழயும், சில நேரம் நம்ம காதுக்கு எட்டாத 20 ஹெர்ட்ஸுக்கும் கீழ. பெரிய கப்பல்களோட ப்ரொப்பல்லர் சத்தமும் பலமா இருக்கிறது அதே பட்டையிலதான். சிக்னல் இருக்கிற பேண்ட்லயே நாய்ஸ். ஃபில்டர் போட வழியே இல்ல.

அப்ப திமிங்கலம் பார்க்கவே போகக்கூடாதா? போகணும்னுதான் சொல்வேன். 1986ல வணிகத் திமிங்கல வேட்டைக்கு உலகத் தடை வந்தது. அதுக்கப்புறம் உயிரோட இருக்கிற திமிங்கலத்தால ஒரு ஊர் சாப்பிடுதுன்னா அது நல்ல விஷயம். என் சண்டை, நாம எதுக்குக் காசு கொடுக்கிறோம் என்பதோடதான். 'கட்டாயம் காட்டுவோம்'னு சொல்ற படகைத்தான் நாம தேடிப் பிடிக்கிறோம். கட்டாயம் காட்டணும்னா துரத்தித்தான் ஆகணும். அந்தப் படகோட்டியைத் திட்ட எனக்கு வாய் வரல, அவருக்கு ரேட்டிங் போடுறது நாமதானே.

தென்னாப்பிரிக்காவுல ஹெர்மானஸ்னு ஒரு ஊர். ஜூன்ல இருந்து நவம்பர் வரைக்கும் தெற்கத்திய ரைட் திமிங்கலங்கள் குட்டியோட வளைகுடாவுக்குள்ள வரும். படகே வேண்டாம், பாறை ஓரத்து நடைபாதையில டீயும் கையுமா நின்னு பார்க்கலாம். மெக்சிகோவுல பாஹா கலிஃபோர்னியா பக்கம் சான் இக்னாசியோ உப்பங்கழி, ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை. ஒரே நேரத்துல இத்தனை படகுதான்னு அங்க கணக்கு உண்டு. எஞ்சினை அடக்கிட்டு உட்கார்ந்திருந்தா சாம்பல் திமிங்கலம் தானா வந்து படகை முட்டிப் பார்க்குமாம். வேலை கிடைச்சு சம்பளம் வரட்டும், போவோம்.

நம்ம பட்ஜெட்டுக்கு வேற ஒண்ணு இருக்கு. திருகோணமலை. மிரிசவுல சீசன் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. கிழக்குக் கரையில மார்ச், ஏப்ரல்ல சூடு பிடிக்கும். அங்க துறைமுகத்து வாசல் வரைக்கும் கடலுக்கடியில ஆழமான பள்ளத்தாக்கு வருது. அதனால கோணேசர் கோயில் இருக்கிற அந்தப் பாறை மேல நின்னே நீர்த்தூணைப் பார்த்தவங்க உண்டு. சாமி கும்பிட்டு வெளிய வந்து, செவத்துல சாய்ஞ்சு, கடலைப் பார்த்துக்கிட்டு நிக்கலாம். வரலாம், வராமலும் போகலாம். படகுதான் வேணும்னா நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் கிடைக்கும். பேரம் பேசும்போது விலைக்கு முன்னாடி ரெண்டு கேள்வி கேளுங்க: எவ்வளவு தூரத்துல நிறுத்துவீங்க, ஏற்கெனவே அங்க படகு நின்னா என்ன செய்வீங்க. அங்க பேச்சு தமிழ்லயே நடக்கும், "அண்ணா, மெதுவா போனா போதும், கிட்ட வேண்டாம்"னு சொல்றதுக்கு மொழிப் பிரச்சினையும் கிடையாது. மிரிசவுல எனக்கு அந்தச் சாக்காவது இருந்துச்சு.

ஏப்ரல் 14 லீவை ஒட்டி நாங்க மறுபடி போறோம், இந்தத் தடவை பாறைக்கு. அங்கயும் அன்னிக்குப் புத்தாண்டு, பஸ்ல கூட்டம் அள்ளும், முன்னாடியே டிக்கெட் போடணும். அஞ்சு பேருக்கு ஒரே ஒரு பைனாகுலர்தான் இருக்கு. உங்க வீட்டுப் பரண்ல ஒண்ணு தூங்கிக்கிட்டிருந்தா சொல்லுங்க, பத்திரமா திருப்பித் தர்றோம்.