மனைக் கைவினை: முத்தும் முடிச்சும்

சென்ற திங்கள் பட்டுப் புடைவைகளை மடிப்பு மாற்றிப் பேணும் முறையைக் குறித்து எழுதியிருந்தோம். அதனைப் படித்த சகோதரியர் சிலர், சங்கத்து மாதர் கூட்டத்தில் நம்மைச் சூழ்ந்துகொண்டு, "புடைவைக்கு வழி சொன்னீர்கள், அறுந்து கிடக்கும் முத்துமாலைக்கு என்ன வழி?" என்று வினவினர். அன்று ஒரே மாலைப் பொழுதில், நான்கு இல்லங்களில் அறுந்த மாலைகள் சிமிழ்களில் உறங்குகின்றன என்பதை அறிந்தோம்.

முத்து வாணிகத்திற்குப் பெயர்பெற்ற ஐதராபாத்தை அடுத்து வாழும் நமக்கா இந்நிலை என்று தோன்றலாம். காரணம் எளிது. ஊரில் இருந்தபோது பாட்டனார் காலம் முதல் பழகிய ஆசாரியார் ஒருவர் இருந்தார். அவர் நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, நம் கண்முன் வேலையை முடித்துக் கொடுத்துச் செல்வார். பிழைப்பை நாடி வந்த ஊரில் அத்தகைய உறவு உடனே அமைவதில்லை. அன்னையின் கழுத்தில் கிடந்த மாலையை முன்பின் அறியாதவர் கையில் கொடுத்துவிட்டு வர மனம் ஒப்புவதும் இல்லை. ஆகவே மாலை சிமிழிலேயே தங்கிவிடுகிறது. இந்தத் தயக்கம் நமக்கும் இருந்ததுதான். அதனை நீக்கியது ஒரு விபத்து.

நம் அன்னையாரின் பிறந்தகம் தூத்துக்குடி. முத்துக்குளிக்கும் கடற்கரையில் வளர்ந்தவர்; ஆயினும் அவருக்கென ஒரு முத்துமாலை அமைந்தது, தந்தையார் இரயில்வேப் பணி ஏற்றுச் செகந்தராபாத்திற்கு வந்தபின், 1974ஆம் ஆண்டில், சார்மினாருக்கு அருகிலுள்ள பத்தர்கட்டிக் கடைத்தெருவில்தான். அவை வளர்ப்பு முத்துக்கள், எண்ணிக்கை 61. வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்த பணத்தில் வாங்கியவை என்பதால் அம்மாலை அவருக்கு உயிர்.

2018ஆம் ஆண்டு தை மாதத்தில், நம் தமக்கையார் மகளின் திருமணத்தன்று, மண்டபத்துக் கைகழுவும் இடத்தருகே அம்மாலை அறுந்தது. அத்தனை முத்துக்களும் ஒரே நொடியில் தரையில் சிதறின. குழந்தைகளும் பெரியோரும் குனிந்து தேடிப் பொறுக்கியவை 59. எஞ்சிய இரண்டும் நீர்போகும் துளைவழியே சென்றிருக்க வேண்டும். "இரண்டு போலி முத்துக்களைச் சேர்த்துக் கோத்துவிடலாம், யாருக்குத் தெரியப் போகிறது?" என்றனர் உறவினர் சிலர். அன்னையார் மறுத்துவிட்டார். "போனது போகட்டும் அம்மா. இருப்பதைக் கோத்துக் கொடு, போதும்" என்றார்.

பின்னர் அந்த நூலை எடுத்துப் பார்த்தபோதுதான் உண்மை விளங்கியது. அம்மாலையில் முத்துக்களுக்கிடையே முடிச்சே இல்லை. முடிச்சிருந்தால் அறுந்த இடத்தில் மிஞ்சினால் ஒரு முத்து விழுந்திருக்கும். மற்றவை நூலிலேயே நின்றிருக்கும். முடிச்சின் முதற்பயன் அதுவே. இரண்டாம் பயனும் உண்டு. முத்து என்பது சிப்பிக்குள் மெல்லிய சுண்ணப் படலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து உருவாவது. மற்ற மணிகளை நோக்க மென்மையானது. முடிச்சில்லா மாலையில் ஒரு முத்து மற்றொன்றை ஓயாமல் உராய்ந்து, துளையைச் சுற்றியுள்ள பளபளப்பைத் தேய்த்துவிடும். முடிச்சு அவற்றைப் பிரித்து வைக்கிறது.

நூல் ஏன் அறுகிறது? வியர்வையும் எண்ணெயும் பட்டு நூலில் ஊறுகின்றன. முத்தின் எடையால் நூல் நாளடைவில் நீள்கிறது. துளையின் விளிம்பு சிறு அரம்போல் அதனை அறுக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுக்கள் இறைவனுக்கு அளிக்கப்பட்ட அணிகளை விரித்துரைக்கும்போது, முத்துக்களை வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து என்று வகைவகையாகப் பிரிக்கின்றன. நிறை சொல்லும் இடத்திலோ சரட்டை நீக்கியே கணக்கிடுகின்றன. முத்தின் மதிப்பைக் காண அதுவே முறை. ஆனால் அணிந்துகொள்ளும் நாம் சரட்டையும் கணக்கில் சேர்த்தல் வேண்டும். அழிவது சரடு, அதனால் இழப்பது முத்து.

வேண்டும் பொருள்கள்

வெண்ணிறப் பட்டு நூல், மென்கம்பியை முறுக்கிச் செய்த, காது மடங்கும் ஊசி, முடிச்சைத் தள்ளுவதற்குத் தையலூசி ஒன்று, சிறு கத்தரி, கொக்கி, கொக்கி வளையத்தில் நூல் தேயாமல் காக்கும் மெல்லிய சுருட்கம்பிக் குழல், தடித்த துவாலை. இவை மணி விற்கும் கடைகளில் கிடைக்கும். பருத்தி நூல் வியர்வையில் இற்றுவிடும். நைலான் நரம்பில் முடிச்சு நழுவும். மாலையும் கழுத்தில் படியாமல் விறைத்து நிற்கும். பட்டே ஏற்றது. இரட்டையாக மடித்த நூல் துளைக்குள் சற்று இறுக்கமாகச் செல்லும் பருமனைத் தேர்ந்துகொள்க. நூல் மெலிந்திருந்தால் முடிச்சு துளைக்குள் புகுந்துவிடும்.

18 அங்குல மாலைக்கு 2 மீட்டர் நூல் வெட்டி, இரண்டாக மடித்து ஊசியில் கோத்துக்கொள்ளலாம். கோப்பதற்கு முன்னாள் இரவே அந்நூலில் ஒரு சிறு பூட்டைக் கட்டித் தொங்கவிடுக. நீளவேண்டியது அப்பொழுதே நீண்டுவிடும்.

அறுக்குமுன் செய்ய வேண்டியவை

முதலில் முத்துக்களை எண்ணிக் குறித்துக்கொள்க. கைப்பேசியில் படமும் எடுத்துக்கொள்க. அறையில் நீர்போகும் துளையிருப்பின் மூடிவிடுக. துவாலையை விரித்து, அதில் ஒரு நீண்ட மடிப்பு அமைத்து, முத்துக்களை ஒவ்வொன்றாகக் கழற்றி அம்மடிப்பில் வரிசை மாறாமல் வைத்து வருக. பெரும்பாலான மாலைகளில் நடுமுத்துப் பெரியது. இருபுறமும் சிறுத்துக்கொண்டே போகும். வரிசை கலைந்தால் மீண்டும் அமைக்க ஒரு நாள் ஆகும். பழைய நூலைக் கத்தரிக்கும்போது முத்தின்மேல் கத்தரியின் முனை படலாகாது.

அழுக்கு ஏறியிருந்தால், வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்பு ஒரு துளி கலந்து, துணியால் துடைத்து, நல்ல நீரில் அலசி, ஒரு நாள் முழுவதும் நிழலில் உலர்த்துக. வெள்ளிப் பாத்திரம்போல் எண்ணிப் புளியோ எலுமிச்சையோ இட்டுவிடலாகாது. புளிப்பு சுண்ணத்தைக் கரைக்கும். போன பளபளப்பு மீளாது. மாலையாக இருக்கும்போதே நீரில் முக்குவதும் தவறு. நூலில் ஈரம் தங்கிவிடும்.

கோக்கும் முறை

முதல் மூன்று முத்துக்களையும் முடிச்சின்றிக் கோத்து, அவற்றின்பின் சுருட்கம்பிக் குழலையும் கொக்கியின் வளையத்தையும் கோர்க்க. நூலின் வால் ஒரு சாண் மிஞ்சியிருக்கட்டும். இப்போது ஊசியைத் திருப்பி, கொக்கியை அடுத்துள்ள முத்தின்வழியே மீண்டும் செலுத்தி இழுத்தால், குழல் வளைந்து கொக்கியைப் பற்றும். அங்கே வால் நூலைச் சேர்த்து ஒரு முடிச்சு. அடுத்த முத்தின்வழியே சென்று மற்றொரு முடிச்சு. மூன்றாவதிலும் அவ்வாறே. பின்னர் வாலை நறுக்கிவிடலாம்.

நான்காம் முத்திலிருந்து வேலை ஒரே சீராக நடக்கும். ஒரு முத்தைக் கோத்து முன்முடிச்சோடு நெருக்குக. நூலை இடக்கை விரல்களில் ஒரு சுற்றுச் சுற்றி, அக்கண்ணிக்குள் கோத்த மாலை முழுவதையும் நுழைத்து விடுக. கண்ணி இறுகுமுன் அதனுள் தையலூசியைச் செருகி, அவ்வூசியாலேயே கண்ணியை முத்தின் அருகே நகர்த்திக்கொண்டு வருக. முத்தைத் தொட்டவுடன் ஊசியை உருவி நூலை இழுக்க. இறுதியாக இரட்டை நூலின் இரு இழைகளையும் பிரித்து இருபுறமும் இழுத்தால் முடிச்சு முத்தோடு பதிந்து அமரும். கடைசி மூன்று முத்துக்களை மட்டும் முடிச்சின்றிக் கோத்து, கொக்கியை மாட்டி, முதலில் செய்ததுபோலவே திரும்பி வந்து முடித்துவிடுக.

எழுதும்போது எளிது, செய்யும்போது கை நடுங்கும். நம் முதல் முயற்சியில் முடிச்சுக்கள் முத்தை விட்டு விலகி விழுந்தன. இறுகிய பட்டு முடிச்சை அவிழ்த்தால் நூல் பிசிறிடும். ஆகவே எல்லாவற்றையும் வெட்ட நேர்ந்தது. இரண்டாம் முறை, கடைசி ஏழு முத்துக்கள் இருக்கும்போதே நூல் தீர்ந்துவிட்டது. அதனையும் வெட்டினோம். முத்தைத் தொடுமுன் மலிவான கண்ணாடி மணிகளில் இரண்டு சரங்களேனும் கோத்துப் பழகுக என்று சொல்வது அப்பட்டறிவினால்தான்.

மூன்றாம் முறை அன்னையார் அருகே வந்து அமர்ந்தார். அப்போது அவருக்கு வயது 76, பார்வை மங்கியிருந்தது. "மல்லிகை தொடுக்கும்போது நாரை முறுக்கியா இழுப்பாய்? பூவோடு நாரை நெருக்கி வைத்த பின்தானே இழுப்பாய்?" என்று கூறி, ஊசியை வாங்கி, கண்ணால் பாராமல் விரலாலேயே முடிச்சைத் தள்ளிக்கொண்டு போனார். பதினொரு முத்துக்கள் அவர் கோத்தவை. மற்றவை நாம் கோத்தவை. பூத்தொடுக்கத் தெரிந்த கைக்கு இது புதிய கலையன்று என்பதை அன்று உணர்ந்தோம். நம் சகோதரியரும் இதனை நினைவில் கொள்வாராக.

முடிந்தபின் அளந்து பார்த்தால் வியப்பு! இரண்டு முத்துக் குறைந்தும் மாலை முன்னிலும் நீண்டிருந்தது. ஒவ்வொரு முடிச்சும் சிறிது இடம் கொள்ளும். அறுபது முடிச்சுக்குள் ஏறக்குறைய இரண்டு விரற்கடை கூடிவிடும். போலி முத்துக்குத் தேவையே எழவில்லை.

எல்லா மாலையையும் வீட்டில் கோத்துவிடலாம் என்று எண்ணற்க. பழங்கால இயற்கை முத்துக்களின் துளை மிகச் சிறிது. தூத்துக்குடிக் கடலில் இறுதி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது என்பதால் அத்தகைய முத்துக்கு ஈடு தேடுவதும் அரிது. பல சரங்களைப் பட்டைகளால் பிணைத்த மாலையும், துளையில் கீறல் விழுந்த முத்தும் கைதேர்ந்தாரிடமே செல்ல வேண்டும். நம் முன்னிலையிலேயே கோத்துத் தருவோர் பத்தர்கட்டியில் உளர். எண்ணிக் கொடுத்து, அருகிருந்து, எண்ணி வாங்கி வருக. முடிச்சு வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுக.

அணியும் முறையும் உண்டு. பவுடர், நறுமணத் தைலம் எல்லாம் பூசிய பின்னரே முத்தை அணிக. வீடு திரும்பியதும் முதலில் அதனைக் கழற்றி, மென்துணியால் துடைத்து, தங்க நகைகளோடு கலவாமல் தனித் துணிப்பையில் படுக்கை நிலையில் வைக்க. தொங்கவிட்டால் நூல் நீளும். முத்துக்கும் முடிச்சுக்கும் இடையே நூல் தெரியத் தொடங்கினாலும், கொக்கியருகே நூல் கறுத்துப் பிசிறிட்டாலும், காலம் வந்துவிட்டது என்று அறிக. அடிக்கடி அணியும் மாலையை ஆண்டுக்கொரு முறையும், எப்போதோ அணிவதை இரண்டு மூன்று ஆண்டுக்கொரு முறையும் புதுநூலில் கோத்தல் நலம்.

இவ்விதியை எழுதும் நாமே அதனை மீறியிருந்தோம் என்பதை மறைப்பது முறையன்று. அன்னையார் 2021ஆம் ஆண்டில் மறைந்தார். அதன்பின் அம்மாலையின் நூலை மாற்ற மனம் வரவில்லை. மாற்றுவதென்றால் அவர் இட்ட பதினொரு முடிச்சுக்களையும் வெட்ட வேண்டும். கொக்கியருகே நூல் கறுத்திருப்பதைக் கண்டும் காணாததுபோல் ஆண்டுகள் சில கழித்துவிட்டோம். இக்கட்டுரைக்காக மாலையை வெளியே எடுத்துப் பார்த்தபோது, கொக்கியருகே இரண்டு இழைகளுள் ஒன்று அறுந்தே இருந்தது. இன்னும் ஒருமுறை அணிந்திருந்தால் அதுவும் போயிருக்கும்.

சென்ற ஞாயிறன்று நூலை வெட்டினோம். நம் மகள் துவாலை விரித்து, வரிசை வைத்து, ஊசியை எடுத்தாள். பழைய நூலை அன்னையாரின் குங்குமச் சிமிழில் சுருட்டி வைத்தோம். மாலையில் இப்போது அவர் முடிச்சு இல்லை. அவர் முத்துக்கள் 59 இருக்கின்றன. அவர் முடிச்சிட்ட முறையும் மகளின் விரலுக்கு வந்துவிட்டது.

சிமிழில் மாலை உறங்கும் இல்லங்களில் இத்திங்களே அதனை வெளியே எடுத்து நூலைப் பாருங்கள். அடுத்த மாதர் கூட்டத்திற்கு ஆளுக்கொரு சரம் கண்ணாடி மணியும் நூலும் கொண்டு வந்தால், கூடியிருந்து பழகிக்கொள்ளலாம். பூத்தொடுக்க அறிந்த மூத்தோர் எவரையும் உடன் அழைத்து வரத் தவறாதீர்கள்.